பள்ளி யாருடைய சொத்து?

பொதுத்தேர்வின் கடைசி நாளன்று மேல்நிலைப் பள்ளிகளின் வாயிலில் காவலர்களை நிறுத்துவது தமிழ்நாட்டின் பல ஊர்களில் வழக்கமாகி வருகிறது. தேர்வெழுதி வெளியே வரும் மாணவர்கள் மேசைகளை உடைப்பார்கள், மின்விசிறியின் இறக்கைகளை வளைப்பார்கள், ஒருவர் மீதொருவர் மையைத் தெளித்துக்கொண்டு தெருவில் ரகளை செய்வார்கள் என்ற அச்சமே அதற்குக் காரணம். பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு பிள்ளையை வளர்த்தெடுத்த கல்வி அமைப்பு, அப்பிள்ளை விடைபெறும் நாளில் காவல்துறையின் துணையை நாடுகிறது என்றால், தோல்வி எங்கே தொடங்கியது என்று கேட்டாக வேண்டும்.

இக்கேள்வி 2022ஆம் ஆண்டுக் கோடையில் உரக்க எழுந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் வேலூர் மாவட்டத்தின் ஓர் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் மேசைகளையும் பெஞ்சுகளையும் உடைக்கும் காட்சி கைப்பேசிகளில் பரவியது. ஆசிரியரை மாணவர்கள் மிரட்டும் காட்சிகளும் அதே வாரங்களில் வேறு ஊர்களிலிருந்து வந்தன. சம்பந்தப்பட்ட மாணவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். ஒழுங்கீனமாக நடந்துகொள்ளும் மாணவர்கள் மாற்றுச் சான்றிதழ் கொடுத்து வெளியேற்றப்படுவார்கள் என்றும், காரணம் சான்றிதழிலேயே குறிக்கப்படும் என்றும் பள்ளிக்கல்வித் துறை அமைச்சர் மே மாதத்தில் அறிவித்தார். பிரம்பை மீண்டும் ஆசிரியர் கையில் கொடுங்கள் என்ற குரல் தொலைக்காட்சி விவாதங்களில் ஓங்கி ஒலித்தது. நம் தோழர்களில் கணிசமானோரும், குறிப்பாக ஆசிரியர் இயக்கத்தில் பணியாற்றுவோர், இந்நடவடிக்கைகளை நியாயமெனவே கருதினர், இன்றும் கருதுகின்றனர். ஆகவே இதைக் கட்சிக்குள் விவாதித்துத் தெளிவுபெற வேண்டியிருக்கிறது.

பதின்பருவத்தினர் பள்ளிச் சொத்தைச் சேதப்படுத்தாமல் தடுக்கும் ஆற்றல் காவல்துறையைவிடப் பள்ளிக்கே மிகுதி என்பதும், பள்ளியின் பராமரிப்பிலும் நிர்வாகத்திலும் மாணவருக்கு மெய்யான பங்கு கிடைக்கும்போதுதான் அவ்வாற்றல் செயல்படும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

ஒரு சொல்லின் வரலாறு

ஆங்கிலத்தில் ‘வாண்டலிசம்’ என வழங்கும் சொல்லுக்கு நேரான ஒற்றைச் சொல் தமிழில் நிலைபெறவில்லை. ‘நாசவேலை’ என்றால் பகைவரின் திட்டமிட்ட சதி நினைவுக்கு வரும். ‘சூறையாடல்’ என்றால் கொள்ளை. ‘காலித்தனம்’ என்பது செயலை விட்டுச் செய்தவரை ஏசும் சொல். ஆவணங்களை மொழிபெயர்க்கையில் ‘பொதுச்சொத்தைச் சேதப்படுத்துதல்’ என்றே நீட்டி எழுத நேர்கிறது. அந்த நீட்டலிலும் ஒரு நன்மை உண்டு. ‘பொது’ என்னும் சொல் அதற்குள் இருப்பதால் சிக்கலின் முடிச்சு கண்ணில் பட்டுவிடுகிறது.

அச்சொல்லை அதன் இன்றைய பொருளில் உலகுக்கு அளித்தவர் பிரெஞ்சுப் புரட்சியின் தலைவர்களுள் ஒருவரான ஆயர் ஹென்றி கிரிகோர். அடிமை முறை ஒழிப்புக்காகவும் யூதர்களின் குடியுரிமைக்காகவும் வாதாடியவர் அவர். மன்னராட்சியின் மீதும் மடங்களின் மீதும் கொண்ட சினத்தால் மக்களில் சிலர் சிலைகளையும் நூல்களையும் ஓவியங்களையும் அழித்தபோது, 1794இல் தேசிய மன்றத்துக்கு அளித்த அறிக்கைகளில் அவர் இச்சொல்லைக் கையாண்டார். அரண்மனைகளில் கிடந்த கலைச்செல்வங்கள் நேற்றுவரை பிரபுக்களுடையவை; இன்று அவை தேசத்தின் உடைமை; அவற்றை அழிப்பவர் தம் சொந்தப் பொருளையே அழிக்கிறார் என்பது அவர் வாதத்தின் சாரம்.

ஆக, இச்சொல்லும் பொதுவுடைமை குறித்த உணர்வும் ஒரே காலத்தில் பிறந்தவை. ‘இது என்னுடையது’ என்று ஒருவர் உணராத இடத்தில், ‘உன் பொருளை நீயே அழிக்கலாமா?’ என்னும் அறிவுரை செவியில் ஏறாது. அரசுப் பள்ளியின் சுவரில் ‘இது நமது பள்ளி’ என்று எழுதி வைக்கிறோம். அந்த ‘நமது’ என்பதற்குள் பதினாறு வயது மாணவன் இருக்கிறானா?

மேசையை உடைத்த தலைமுறை

2022இல் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த மாணவர்களின் கடந்த காலத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். 2020 மார்ச்சில் அவர்கள் பத்தாம் வகுப்பின் பொதுத்தேர்வுக்கு ஆயத்தமாகியிருந்தனர். ஊரடங்கு வந்தது, ஜூன் மாதத்தில் தேர்வு ரத்தாகி அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. பதினொன்றாம் வகுப்பின் பெரும்பகுதி பூட்டிய பள்ளிகளுக்கு வெளியே கழிந்தது. 2021 பிப்ரவரியில் மீண்டும் அனைவரும் தேர்ச்சி. பன்னிரண்டாம் வகுப்புக்கு 2021 செப்டம்பரில் பள்ளி திறந்தது. 2022 ஜனவரியில் மறுபடி மூடப்பட்டு, பிப்ரவரியில் திறந்தது. மே மாதத்தில் அவர்கள் எழுதவிருந்ததே வாழ்வின் முதல் பொதுத்தேர்வு.

பதினைந்து வயதிலிருந்து பதினேழு வயது வரையிலான காலத்தில் ஒரு பிள்ளை விளையாட்டுத் திடலில் விதிகளைக் கற்கிறான். நண்பனிடம் சண்டையிட்டுச் சமாதானமாகிறான். ஆசிரியரின் கண்டிப்பையும் பரிவையும் பகுத்தறிகிறான். அவ்வாண்டுகள் இம்மாணவர்களுக்கு வாய்க்கவில்லை. கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இணையவழி வகுப்பும் இல்லை. பலர் கட்டட வேலைக்கும் கடைகளுக்கும் சென்று கூலி பெற்றார்கள். உழைத்துச் சம்பாதித்துவிட்டுத் திரும்பிய இளைஞனைப் பள்ளி பழைய சிறுவனாகவே எதிர்கொண்டது. விட்டுப்போன பாடங்களை ஓட்டமாக நடத்தி முடிப்பதிலேயே கருத்தாக இருந்தது.

பள்ளிக்கு வெளியே அவன் கண்டது என்ன? அதே 2022 ஏப்ரலில் மத்தியப் பிரதேசத்தின் கர்கோனிலும் தலைநகர் டெல்லியின் ஜஹாங்கிர்புரியிலும் ஏழைகளின், பெரிதும் இசுலாமியர்களின், வீடுகளையும் கடைகளையும் புல்டோசர்கள் இடித்துத் தள்ளின. ஜஹாங்கிர்புரியில் உச்ச நீதிமன்றம் நிறுத்தச் சொன்ன பிறகும் சிறிது நேரம் இடிப்பு தொடர்ந்தது. அதைத் தொலைக்காட்சிகள் நேரலையாகக் காட்டின. ஆளுங்கட்சியினர் புல்டோசரை வெற்றிச் சின்னமாக்கிக் கொண்டாடினர். தண்டனையாக வீடுகளை இடிப்பது அரசமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2024 நவம்பர் வரை ஆயிற்று. 1992 டிசம்பர் 6 அன்று அயோத்தியில் நடந்த இடிப்பை வீரச்செயலாகப் போற்றும் அரசியல் நாட்டை ஆளும்போது, உடைப்பதே வலிமை என்னும் பாடத்தை இளம் மனங்கள் கற்பதற்குத் தனி வகுப்பு தேவையில்லை.

இதைச் சொல்வது குற்றத்துக்குச் சாக்குத் தேடுவதாகாது. அதே வகுப்பில், அதே வறுமையில் வளர்ந்த மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் எதையும் உடைக்கவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. உடைக்கப்பட்டதன் சுமை யார்மீது விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கழிவறைக் கதவின் தாழ்ப்பாளைப் பிடுங்கியெறியும் விளையாட்டின் விலையைக் கொடுப்பவர் பெண் பிள்ளைகள். மாதவிலக்கு நாள்களில் அவர்கள் பள்ளிக்கு வராமலே இருந்துவிடுகிறார்கள். உடைந்த பெஞ்சுக்கு மாற்று வரும்வரை தரையில் அமர்பவர்கள் அடுத்த ஆண்டு வரும் ஏழைப் பிள்ளைகள். வர்க்க நோக்கில் பார்த்தால், அரசுப் பள்ளியில் நடக்கும் சேதம் உழைக்கும் மக்கள் தமக்குத் தாமே செய்துகொள்ளும் காயம். தடுத்தே ஆக வேண்டும். எவ்வாறு என்பதில்தான் நாம் ஆள்வோரிடமிருந்து வேறுபடுகிறோம்.

தண்டனை என்னும் குறுக்குவழி

மாற்றுச் சான்றிதழில் காரணத்தை எழுதுவது என்னும் அறிவிப்பைச் சட்டத்தின் அருகில் வைத்துப் பார்ப்போம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே வரையறுக்கிறது. கொடுங்குற்றங்களில் விதிவிலக்கு உண்டு. பொதுவாக, குற்றம் புரிந்த குழந்தைக்கு அதனால் எதிர்காலத்தில் எத்தகுதியிழப்பும் நேரலாகாது என்றும், உரிய காலத்துக்குப் பின் அப்பதிவுகளையே அழித்துவிட வேண்டும் என்றும் அதன் 24ஆம் பிரிவு கூறுகிறது. குற்றமென நிறுவப்பட்டதையே மறக்கச் சொல்கிறது நாடாளுமன்றம். விசாரணையே இல்லாத ஒரு குற்றச்சாட்டைச் சான்றிதழில் பொறித்து வாழ்நாள் முழுதும் சுமக்கச் சொன்னது ஓர் அறிவிப்பு.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் குழந்தையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றுவதைத் தடைசெய்கிறது. உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. ஆயினும் அச்சட்டத்தின் பாதுகாப்பு 6 முதல் 14 வயது வரையில்தான். எவ்வயதில் பிள்ளை கட்டுக்கடங்காமல் துள்ளுகிறானோ அவ்வயதில் சட்டம் அவன் கையை விட்டுவிடுகிறது. கல்வி உரிமையை 18 வயது வரை நீட்டிக்க வேண்டும் என்னும் நம் கோரிக்கைக்கு இதுவும் ஒரு காரணம்.

வெளியேற்றப்பட்டவன் எங்கே போவான்? தனியார் பள்ளி அவனைச் சேர்க்காது. பகலில் கூலி வேலை, மாலையில் தெருமுனை. அங்கே அவனுக்காகக் காத்திருப்பவர்கள் யாரென்பது நமக்குத் தெரியும். கையில் சாதிக் கயிறு கட்டிவிடுவோரும், மத ஊர்வலத்தில் முன்வரிசையில் நிறுத்துவோரும் அவனது சினத்துக்கு ஒரு பகைவனைக் காட்டுவார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்ட கொடுமை, பள்ளிக்குள் சாதி எவ்வளவு ஆழமாக நுழைந்துள்ளது என்று காட்டியது. அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியை உணர்த்தும் கயிறு, மோதிரம் போன்றவற்றைத் தடைசெய்யவும், மாணவர் நலனைக் கவனிக்கப் பள்ளி நல அலுவலர்களை நியமிக்கவும் அது பரிந்துரைத்தது. மேசையை உடைத்தவனைத் தெருவுக்குத் தள்ளும் பள்ளி, மனிதரை வெட்டும் கூட்டத்துக்கு ஆள் அனுப்பும் பள்ளியாகிவிடக் கூடும்.

சேதத்தின் விலையைப் பெற்றோரிடம் வசூலிக்கலாம் என்பது மற்றொரு யோசனை. வசதி படைத்த வீட்டில் தந்தை பணத்தைக் கட்டிவிடுவார். மகன் கற்றுக்கொள்வது, உடைப்பதற்கும் ஒரு விலை உண்டு, அதைக் கொடுத்தால் போதும் என்பதே. தினக்கூலி வீட்டிலோ ஒரு வாரக் கூலி போகும். இரவில் அடி விழும். பள்ளியின் மீது அவனுக்கிருந்த மனத்தாங்கல் பகையாகும். இரு வீடுகளிலும் பள்ளியின் மேசை அவனுடையதாக ஆகப் போவதில்லை. கண்காணிப்புக் கேமராவும் அப்படித்தான். அதன் பார்வைக்குள் பணிவையும், பார்வைக்கு வெளியே மீறலையும் அது பழக்கும்.

தொழிலாளி வர்க்க வரலாற்றை அறிந்தோருக்கு இது பழகிய கதை. 1811இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் வட்டாரத்தில் நெசவாளர்கள் பின்னல் எந்திரங்களை உடைக்கத் தொடங்கினர். எந்திரத்தை உடைப்போருக்கு மரண தண்டனை விதிக்க 1812இல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. பிரபுக்கள் அவையில் கவிஞர் பைரன் அதை எதிர்த்துப் பேசினார். 1813 ஜனவரியில் யார்க் நகரில் 17 பேர் தூக்கிலிடப்பட்டனர். தூக்குமேடை அவர்களுக்கு எதையும் கற்பிக்கவில்லை. எந்திர உடைப்பு அதன் பின்னரும் சில ஆண்டுகள் தொடர்ந்தது. எந்திரத்தையும், அதை முதலாளி பயன்படுத்தும் முறையையும் வேறுபடுத்திப் பார்க்கத் தொழிலாளர்களுக்குக் காலமும் அனுபவமும் தேவைப்பட்டன என்று ‘மூலதன’த்தின் முதல் தொகுதியில் மார்க்ஸ் விளக்குகிறார். அந்த அனுபவத்தைத் தந்தது அமைப்பு, சங்கம். தன்னை அவமதித்த ஓர் அமைப்புமுறையின் மீதுள்ள கோபத்தைக் கைக்கெட்டிய மேசையின் மீது காட்டும் மாணவனுக்கும் அவ்வாறே, மேசை வேறு, அவமதிப்பு வேறு என்று அறியும் அனுபவம் வேண்டும். அதைப் பள்ளிக்குள்ளேயே கொடுக்க இயலும்.

பள்ளி செய்யக் கூடியவை

முதலாவது, மாணவர்களுக்கு மெய்யான பொறுப்பு. உள்நாட்டுப் போரில் பெற்றோரை இழந்து, திருட்டிலும் அடிதடியிலும் பிழைத்துவந்த சிறுவர்களுக்காக அன்டோன் மகரென்கோ 1920இல் உக்ரைனின் பொல்தாவா அருகே ஒரு குடியிருப்பை நடத்தத் தொடங்கினார். சிறுவர்கள் அணிகளாகப் பிரிந்து வேலை செய்தனர். அணித் தலைவர்களின் மன்றம் குடியிருப்பின் அன்றாடத்தைத் தீர்மானித்தது. பின்னர் கார்கிவ் நகரில் அவர் பொறுப்பேற்ற கம்யூனில் வளர்ந்த பிள்ளைகள் மின்துளைக் கருவிகளையும் ‘ஃபெட்’ என்னும் புகைப்படக் கருவியையும் தயாரித்தனர். அன்றைய சோவியத் நிலைமைகளை நம் பள்ளிகளுக்கு அப்படியே பெயர்த்துக் கொண்டுவர இயலாது. ஆனால் அதன் அடிப்படை நமக்கும் பொருந்தும். நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளைப் பிள்ளைகள் காப்பாற்றுகிறார்கள். கூட்டாக எடுத்த முடிவைத் தங்கள் முடிவாக மதிக்கிறார்கள்.

நம் பள்ளிகளில் மாணவர் மன்றம் பெரும்பாலும் ஏட்டில் உண்டு. தலைமையாசிரியர் விரும்பும் பிள்ளையே ‘தலைவர்’. வகுப்புதோறும் இரகசிய வாக்கெடுப்பில், மாணவியருக்குச் சமபங்குடன் மன்றத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பராமரிப்பு நிதியில் ஒரு சிறு பகுதியை எதற்குச் செலவிடுவது என்று தீர்மானிக்கும் உரிமையை அதற்கு அளிக்கலாம். விளையாட்டுப் பொருளா, குடிநீர்க் குழாயா, கழிவறைக் கதவா என்று விவாதித்து முடிவெடுத்த மாணவனுக்கு அக்கதவின் அருமை புரியும்.

இரண்டாவது, சேதமுற்றதைச் சீர்செய்யும் பணி. உடைத்தவன் தச்சருடன் அமர்ந்து அம்மேசையைப் பழுதுபார்க்கட்டும். உடன் ஆசிரியரும் இருக்கட்டும். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை மிக அவசியம். நம் நாட்டில் உடலுழைப்பின் மீது சாதியின் நிழல் படிந்துள்ளது. தலித் மாணவர்களைக் கழிவறை கழுவ வைத்த செய்திகள் பல மாநிலங்களிலிருந்தும் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஆகவே தூய்மைப் பணியைத் தண்டனையாக்குவதை எந்நாளும் ஏற்கலாகாது. பழுதுபார்ப்பு கைத்தொழில் கல்வியாக, அனைவரும் பங்கேற்கும் வேலையாக இருக்க வேண்டும். அதில் உடைத்தவனுக்குக் கூடுதல் பொறுப்பு இருக்கலாம்.

மூன்றாவது, பேசக் கேட்க ஓர் ஆள். லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்வி ஆணையம் 1953லேயே மாணவருக்கு வழிகாட்டும் பயிற்சி பெற்ற அலுவலர்களின் தேவையை வலியுறுத்தி, அதற்கென ஓர் அத்தியாயமே எழுதியது. எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் முழுநேர உளவியல் ஆலோசகர் இல்லை. வீட்டில் குடிகாரத் தந்தையின் வன்முறையைக் கண்டு வரும் பிள்ளையும், போதைப்பொருளுக்கு அடிமையாகத் தொடங்கிய பிள்ளையும், காரணம் சொல்லத் தெரியாமல் சன்னல் கண்ணாடியை உடைக்கிறார்கள். கண்ணாடியைப் பார்க்கும் பள்ளி பிள்ளையையும் பார்க்க ஆள் வேண்டும்.

இவையனைத்தையும் ஆசிரியர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்குவது அநீதி. இந்தியாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் ஓராசிரியர் பள்ளிகளாக இயங்குகின்றன. மற்றப் பள்ளிகளிலும் காலிப்பணியிடங்கள், கணினியில் புள்ளிவிவரம் ஏற்றும் வேலை, தேர்தல் பணி என ஆசிரியரின் நேரம் துண்டாடப்படுகிறது. கல்விக்குத் தேசிய வருமானத்தில் 6 விழுக்காடு ஒதுக்கச் சொன்னது 1964-66ஆம் ஆண்டுகளின் கோத்தாரி ஆணையம். அந்த இலக்கு இன்றுவரை எட்டப்படவில்லை. புதிய கல்விக் கொள்கையை முழுமையாக ஏற்கவில்லை என்பதற்காக, 2024-25ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்விக்குச் சேர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. ஒரு மாணவன் ஒரு மேசையை உடைத்தால் இடைநீக்கம்; இத்தனை கோடியை முடக்கியவர்களை யார் இடைநீக்கம் செய்வது?

மலாப்பரம்பு சொல்லும் பாடம்

பள்ளியை மக்கள் தம்முடையதாகக் கருதினால் என்ன நிகழும் என்பதற்குக் கேரளத்தின் கோழிக்கோடு நகரிலுள்ள மலாப்பரம்பு சான்று. அங்கு நூற்றாண்டு கடந்த அரசு உதவிபெறும் பள்ளியொன்றை, 2014 ஏப்ரலில் ஓர் இரவில் அதன் நிர்வாகியின் தரப்பே இடித்துத் தள்ளியது. மனையின் மதிப்பு பள்ளியின் மதிப்பை மிஞ்சிவிட்டது. ஊர் மக்களும் முன்னாள் மாணவர்களும் ஆசிரியர் அமைப்புகளும் திரண்டு கட்டடத்தை மீண்டும் எழுப்பினர். நீதிமன்ற ஆணையால் 2016இல் பள்ளி மூடப்பட்டபோது பிள்ளைகளுக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் வகுப்புகள் நடந்தன. அவ்வாண்டே இடது ஜனநாயக முன்னணி அரசு பள்ளியை ஏற்றுக்கொண்டது. தாயும் தந்தையும் செங்கல் சுமந்து கட்டிய வகுப்பறையில் பயிலும் பிள்ளைக்கு, பள்ளி யாருடையது என்று ஒருவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

நம் முன்னுள்ள பணிகள்

கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு இடங்களைப் பெற்றோருக்கு அளித்துள்ளது; உறுப்பினரில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அச்சட்டத்தின் மாதிரி விதிகளின்படி, மாணவரையும் உறுப்பினராக்க இடமுண்டு. உழைக்கும் பெற்றோர் கையில் இவ்வளவு பெரிய வாய்ப்பு இருந்தும், பல ஊர்களில் குழுவின் தீர்மானப் புத்தகம் கையெழுத்துக்காக வீடு தேடி வருவதோடு சரி.

ஒவ்வொரு கிளையும் தன் பகுதியிலுள்ள அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடினார்கள் என்று கேட்டறிய வேண்டும். நம் ஆதரவாளர்களான பெற்றோர், குறிப்பாகத் தாய்மார்கள், அக்கூட்டங்களில் பங்கேற்க உதவ வேண்டும். மாணவர் மன்றத் தேர்தல், ஆலோசகர் நியமனம், காலிப்பணியிடங்கள் ஆகியவற்றைக் கூட்டத்தின் பொருள்களாக்க வேண்டும். வாலிபர் அமைப்பில் தச்சு, மின்பணி, வண்ணப்பூச்சு அறிந்த தோழர்கள் பலர் உள்ளனர்; கோடை விடுமுறையில் மாணவருடன் சேர்ந்து பள்ளியைச் சீர்செய்யும் முகாம்களை நடத்த அவர்கள் போதும். ஆசிரியர் சங்கத் தோழர்கள் தங்கள் பாதுகாப்பைக் கோருவது முற்றிலும் நியாயம். அக்கோரிக்கை மாணவரை வெளியேற்றும் கோரிக்கையாக மாறிவிடாமல் காப்பதும் அவர்களின் பொறுப்பே. எந்தப் பள்ளியிலாவது சேதம் நிகழ்ந்து மாணவர் வெளியேற்றப்படும் நிலை வந்தால், அவ்வூர்த் தோழர்கள் அன்றே அந்த வீட்டுக்குச் செல்ல வேண்டும். பெற்றோரையும் ஆசிரியரையும் ஓரிடத்தில் அமர்த்திப் பேச வேண்டும். சாதி அமைப்பின் ஆள் அந்த வாசலில் வந்து நிற்பதற்கு முன் நாம் அங்கே நிற்க வேண்டும்.

அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் ஒரு கிளைக்கு ஒரு பள்ளி என்ற அளவிலாவது இப்பணியைத் தொடங்குவோம்.